அரளி வேலிக்குப் பின்னால் எட்டு வரிசை

கண்ணாடி வளையல்களைக் கைப்பையில் கொண்டுவந்திருக்க வேண்டும். இனியாவுக்கு மாற்று உடை, இனியாவுக்கு மருந்து, வழியில் வாந்தி எடுத்தால் இன்னொரு மாற்று உடை என்று கைப்பை நிரம்பிவிட்டதால், வளையல்களைத் துண்டில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அமெரிக்காவில், லிவர்மோர் ஊரில், தங்கை நித்யா வீட்டு முன் அறையில் பெட்டியைத் திறந்து துண்டைத் தூக்கியபோது அது கலகலவென்றது. நித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாம் மாத வளைகாப்புக்கு அம்மா கொடுத்தனுப்பிய வளையல் உடைந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தபடி, பச்சைச் சில்லுகளை இனியா காலில் குத்திவிடாமல் பொறுக்கினேன். பாதிக்கு மேல் பிழைத்திருந்தன.

"போதும்க்கா. எனக்கு ரெண்டு கைதானே இருக்கு" என்றாள்.

உண்மையில் வந்திருக்க வேண்டியவள் அம்மா. விசிட்டராக வந்தால் ஆறு மாதம்தான் தங்க முடியும் என்பதால், அந்த ஆறு மாதத்தைப் பிரசவத்துக்கு என்று எடுத்துவைத்திருந்தாள். எனவே வளைகாப்புக்கு அவளுக்குப் பதிலாக நான். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்திலிருந்து கிளம்பியபோது அம்மா இரண்டு வேலைகள் சொல்லி அனுப்பினாள். ஒன்று வளையல். இன்னொன்று அறை.

நித்யாவின் வீட்டில் படுக்கை அறைகள் எல்லாம் மாடியில். அம்மாவின் முழங்கால் மாடி ஏறாது. அதனால் வீட்டுக்குப் பின்னால், குளியலறையோடு சேர்த்து அம்மாவுக்கென்று ஓர் அறை கட்டுவதாக இருந்தார்கள். பெர்மிட் வாங்கியாகிவிட்டது. கான்ட்ராக்டர் வளைகாப்பு முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை வேலையைத் தொடங்க வேண்டும். ஆனால் கொஞ்ச நாளாக நித்யா போனில், "பாக்கலாம்மா, அவசரமில்ல" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "அவளுக்கு நான் வர்றதுல இஷ்டமில்லையோ என்னவோ. நீ போய் என்னன்னு பார்த்து, அந்த ரூமை முடிச்சுட்டு வா" என்றாள்.

நான் தலையாட்டினேன். அப்பா தவறியதிலிருந்து அம்மா என்னோடுதான் இருக்கிறாள். இனியாவை ஸ்கூலிலிருந்து கூட்டிவருவதும், சோறு ஊட்டுவதும், நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை என் வாழ்க்கையைத் தாங்கிப் பிடிப்பதும் அவள். நித்யாவின் கணவர் கார்த்தி முதல் நாள் சாப்பாட்டின்போது, சிட்டிசன் ஆனதும் அம்மாவுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணிவிடலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்த என் கை ஒரு கணம் நின்றது. அறை ஒன்று கட்டிவிட்டால் அம்மா திரும்பி வருவாளா? அப்படி நினைத்த வெட்கத்திலேயே, "ரூம் எப்போ ஆரம்பிக்கிறீங்க?" என்று அழுத்திக் கேட்டேன்.

நித்யா இனியாவின் தட்டில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டாள்.

எங்களுக்கு முன் அறையில் படுக்கை. அமெரிக்க வீடுகளில் வாசலுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று இருக்கிறது. நல்ல சோபா, நல்ல விளக்கு, யாரும் உட்கார மாட்டார்கள். கதவும் கிடையாது. வீடு ஓர் ஓரமாகத் திரும்பியிருப்பதால் அதன் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பின்புறம் முழுவதும் தெரியும். நேர வித்தியாசத்தில் எங்கள் இருவருக்கும் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். போர்வைக்குள் உட்கார்ந்து இனியாவும் நானும் வெளிச்சம் வருவதைப் பார்ப்போம்.

முதலில் மலைகள் தெரியும். மழை இல்லாத மாதங்களில் அவை வைக்கோல் நிறமாகிவிடும் என்று கார்த்தி சொல்லியிருந்தார். வெயில் படுவதற்கு முன் அவை பூனையின் முதுகு போல இருந்தன. அவற்றின் மேல் காற்றாலைகள், எதையோ மறந்துவிட்டு யோசிப்பவர்களைப் போல மெதுவாகச் சுற்றும். பிறகு புல்தரை. புல்தரை முடியும் இடத்தில் ஆள் உயரத்துக்கு அரளி வேலி. அதன் பின்னால் பச்சையாக, ஒழுங்கில்லாமல், ஏதோ கொடிகள்.

"அம்மா, அங்க யாரு இருக்கா?" என்றாள் இனியா.

"யாருமில்ல. செடி."

இரண்டாம் நாள் போய்ப் பார்த்தோம். அரளியில் ஒரு சந்து இருந்தது. அதற்குள் குனிந்து நுழைந்தால் திராட்சை. எட்டு வரிசை. மண்ணைவிடக் கல் அதிகமாக இருந்தது. ஆற்றில் உருண்டவை போல முட்டை வடிவக் கற்கள். அவற்றுக்கு நடுவில், முதியவர்களின் மணிக்கட்டு போல முறுக்கிக்கொண்ட தண்டுகள். சிறிய, பச்சையும் மஞ்சளுமான பழங்கள், வெளியே தூசி படிந்தது போல வெண்மை. வரிசைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கொடிகளைக் குச்சியில் மாட்டி ஊன்றியிருந்தார்கள். பிறந்தநாள் அலங்காரம் என்று நினைத்து இனியா ஒன்றைப் பிடுங்கப் போனாள். அவை அம்மாவின் அறைக்குப் போட்ட எல்லைக்கோடு என்பது எனக்குப் புரிந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மாலை நித்யா எல்லாம் சொன்னாள். வீடு வாங்கியபோது அங்கே திராட்சை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. களை என்று நினைத்தார்கள். இந்த ஊரில் எங்கு பார்த்தாலும் பெரிய பெரிய தோட்டங்கள், வாசலில் பெயர்ப்பலகை, குடித்துப் பார்க்க வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்துமிடம். வீடுகளுக்குப் பின்னால், மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் சிக்கிக்கொண்ட இந்தத் துண்டு நிலத்தை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. கம்பி கட்டியிருந்ததால் நித்யா அதில் துணி காயப்போட்டாள். ஒரு கோடையில் பக்கத்திலேயே வடாமும் பிழிந்தாள்.

பிறகு ரூத் வந்தாள். நாய் அரளிக்குள் புகுந்துவிட்டதென்று தேடிக்கொண்டு வந்தவள், நாயை மறந்து நின்றுவிட்டாளாம். பகலில் ஒரு பெரிய ஒயின் ஆலையில் பாட்டில் நிரப்பும் பிரிவில் வேலை. மிச்ச நேரத்தில், வாடகைக்கு எடுத்த கொட்டகை மூலையில் தனக்கென்று கொஞ்சம் தயாரிக்கிறாள். கிளைகளை வெட்டிப் பராமரித்துக்கொள்கிறேன், பழம் மட்டும் கொடு என்று கேட்டாள். முதல் வருடம் வேறு பழங்களோடு கலந்துவிட்டாள். போன வருடம் தனியாகப் போட்டாள். வெள்ளை ஒயின். இந்த வருடம் அதைப் பாட்டிலில் அடைத்து நகரத்தில் ஓர் உணவகத்துக்குக் கொண்டுபோனபோது, ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்களாம். இத்தனை வருடத்தில் தன் கையால் இப்படி ஒன்று வந்ததில்லை, அது தன் கை இல்லை, இந்தக் கல்தான் என்று ரூத் சொல்கிறாள். புல்தரைக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் போவதால் அறையை அங்கே கட்ட முடியாது; ஆனாலும் செடிகளைப் பிடுங்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்ல? அது பாட்டிலுக்கு வந்தப்ப நான் கன்சீவ் ஆயிட்டேன். என் வீட்டுல விளையிற ஒயினை நான் குடிச்சதே இல்லக்கா. கார்த்தி சூப்பர்ங்கிறார். அவருக்கு எல்லாமே சூப்பர்தான், நேத்து நீ வெச்ச தீஞ்ச ரசம் உட்பட." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எனக்காக நீ குடிச்சுப் பாரேன். நீ சொன்னா நம்புவேன்."

நான் முடியாது என்றேன். குழந்தையை வைத்துக்கொண்டு குடிப்பதா? அம்மாவுக்குத் தெரிந்தால்? தவிர, ஒரு பானத்துக்காக அம்மாவின் அறையை நிறுத்துவது என்ன நியாயம்? இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அவளுக்குச் சொன்னேனா எனக்கே சொல்லிக்கொண்டேனா என்று தெரியவில்லை.

நடுவில் ஒரு நாள் இனியாவுக்குக் கடல் காட்ட நகரத்துக்கு ரயிலில் போய்வந்தோம். ரயில் லிவர்மோர்வரை வராது; அதற்கு முந்தைய ஊரோடு முடிந்துவிடும், அங்கிருந்து கார்த்தி கூட்டிப்போவார். கடைசி ஸ்டேஷன் என்பதால் பயமில்லாமல் தூங்கினேன். விழித்தபோது ரயில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் மலைகள் தப்பான பக்கத்தில் இருந்தன. கடைசி ஸ்டேஷனுக்குப் போய், நின்று, எங்களைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் நகரத்தை நோக்கிக் கிளம்பிவிட்டிருந்தது. தாம்பரம் வண்டியில் இப்படி நடக்காது. "எறங்கலையாம்மா?" என்று யாராவது தோளைத் தட்டியிருப்பார்கள். இங்கே ஒருவர் தூக்கத்தை ஒருவர் கலைப்பதில்லை. ஆனால் இனியாவின் கால்கள்மேல் யாரோ ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். எதிர் இருக்கையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் சிரித்துவிட்டு, "அவள் நன்றாகத் தூங்கினாள், நீங்களும்" என்று சொல்லிச் சால்வையை மடித்துக்கொண்டாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்கம் ஓடினோம். கார்த்தி போன் செய்தார். "அக்கா, மேப்ல உங்க புள்ளி கிட்ட வந்துச்சு, அப்புறம் மறுபடி போயிட்டிருக்கு. எதாவது கோவமா?"

சனிக்கிழமை விடியலில் அறுவடை. குளிராக இருக்கும்போதே பறிக்க வேண்டும் என்று ரூத் சொல்லியிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அரளிக்கு அந்தப் பக்கம் தலையில் விளக்கு மாட்டிய இரண்டு பேர் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். ரூத்தும் கார்த்தியும். இனியாவுக்கு ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுவிட்டு நானும் போனேன்.

ரூத் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். முடியைக் கைக்குட்டையால் கட்டியிருந்தாள். எனக்கு ஒரு சின்னக் கத்திரி கொடுத்து, கொத்தின் காம்பை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டினாள். அதற்குப் பிறகு கத்திரிச் சத்தம், கல்மேல் செருப்பு உரசும் சத்தம், பழம் கூடையில் விழும் மெல்லிய ஓசை. குளிர்ந்த கொத்து உள்ளங்கையில் உட்காரும்போது அதற்கு ஒரு கனம் இருந்தது. தூங்கும் குழந்தையின் குதிகால் போல. வெளிச்சம் வந்தபோது ஆரஞ்சுக் கொடிகள் தெரிந்தன. நான் அம்மாவின் அறைக்குள் நின்றுகொண்டுதான் பறித்துக்கொண்டிருந்தேன். இங்கே கட்டில் வரும், இங்கே ஜன்னல் என்று மனம் தன்பாட்டுக்கு எண்ணியது.

பறித்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றை ஏற்றிக்கொண்டு ரூத்தும் கார்த்தியும் பிக்கப் வண்டியில் கொட்டகைக்குப் போனார்கள். மிச்சம் கராஜ் நிழலில் இருந்தது, இரண்டாவது நடைக்கு. நித்யா இன்னும் எழுந்திருக்கவில்லை. சும்மா இருக்க எனக்கு வராது.

பழங்களின் மேல் அந்த வெள்ளைப் பொடி இருந்தது. எங்கள் ஊரில் திராட்சை வாங்கினால் முதலில் அதைத்தான் பார்ப்போம், மருந்து. உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, மூன்று நான்கு தடவை அலசாமல் இனியா வாயில் ஒன்றுகூட வைக்க விடமாட்டேன். இவர்கள் அப்படியே பிழியப்போகிறார்களே என்று இருந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று வாங்கிவைத்த புது பிளாஸ்டிக் குளியல் தொட்டி கராஜிலேயே கிடந்தது. ஹோஸ் பைப் இருந்தது. நித்யாவின் அடுப்படியிலிருந்து உப்பும் மஞ்சளும் எடுத்துவந்தேன். இனியா ஒவ்வொரு கொத்தாக எடுத்துக் கொடுக்க, நான் முக்கி, அலசி, வெயிலில் துண்டு விரித்துப் பரப்பினேன். பழங்கள் பளபளவென்று கண்ணாடி போல ஆயின. இவ்வளவு நல்ல காரியத்தை நான் அந்தப் பயணத்தில் அதுவரை செய்யவில்லை என்று தோன்றியது.

பிக்கப் வந்து நின்றது. ரூத் இறங்கி, துண்டைப் பார்த்தாள். தொட்டியில் மிதந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு பழத்தை எடுத்து விரலால் தேய்த்தாள். பிறகு காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"கழுவினீர்களா?" என்றாள்.

"நன்றாகவே" என்றேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அந்த வெள்ளை மருந்து இல்லை, பழத்திலேயே வருவது என்றாள். அந்தத் தோலோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் சாற்றை நொதிக்க வைக்கிறது. தான் வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லையாம். ஒயினுக்கான பழத்தை யாரும் கழுவ மாட்டார்கள். அதுவும் உப்புப் போட்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி, எனக்கு வலிக்காத மாதிரி சொன்னாள். கடைசியில், "இது இனி ஒயின் தொட்டிக்குள் போக முடியாது" என்றாள்.

கார்த்தி என்னைப் பார்க்காமல் ஹோஸைச் சுருட்டினார்.

சத்தம் கேட்டு நித்யா நைட்டியோடு வாசலுக்கு வந்தாள். நிலைமை புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "ஏன்க்கா, இதுவும் அம்மா சொல்லி அனுப்புன வேலையா?" என்றாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அன்று முழுவதும் அது என்னோடு வந்தது. கழுவியது என் கை. என் மனதுக்கு அது முன்பே தெரியுமா? இந்தப் பழம் கெட்டால் அறை வரும், அறை வந்தால் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள் ஆவேன் என்று எங்கோ ஒரு மூலையில் கணக்குப் போட்டேனா? இல்லை, அப்படி இருக்க முடியாது. என் ஆசையோ அறை வரக்கூடாது என்பது. அப்படியென்றால் எனக்கு எதிராக நானே வேலை செய்தேனா? இப்படி யோசித்துக்கொண்டே, கழுவிய பழம் முழுவதையும் மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, பெரிய குக்கரில் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஃப்ரிட்ஜ் கொள்ளாத அளவுக்குச் சாறாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று சாதங்களை நானும் கார்த்தியும் கிளறினோம். கோவிலில் பழக்கமான குடும்பங்கள் வந்தன. உடையாமல் பிழைத்த பச்சை வளையல்களை நித்யாவின் கைகளில் முதலில் நான் அடுக்கினேன். அம்மா வீடியோவில் தாம்பரத்திலிருந்து, "சந்தனத்தை கன்னத்துல இன்னும் கொஞ்சம், இடது பக்கம், உன் இடதுடி" என்று நடத்திக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்குச் சாறு கொடுத்தேன். வெளிறிய பச்சையில், கொஞ்சம் புளிப்பாக இருந்தது. யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டு, "இது எந்தக் கடையிலை வாங்கினனீங்கள் பிள்ளை?" என்றார். பின்னால் கையைக் காட்டினேன். அவர் புல்தரையையும் அரளியையும் பார்த்துவிட்டு, நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து நகர்ந்தார்.

ரூத்தும் வந்திருந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நித்யா அவள் கைகளில் வளையல் போட்டுவிட்டாள்; கல்லில் வேலை செய்கிற அகலமான கை, வளையல் ஏறவே இல்லை, சோப்புப் போட்டு ஏற்றினார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அடுப்படி மேடையில் வைத்தாள். பெயர்ச்சீட்டு ஒட்டாத பாட்டில். போன வருடத்தில் தனக்கென்று வைத்துக்கொண்டதில் கடைசிக்கு முந்தையது என்றாள்.

நித்யா என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தாள்.

அந்த வீட்டில் கண்ணாடிக் கோப்பை கிடையாது. எவர்சில்வர் டம்ளரில் ரூத் ஒரு விரல் அளவு ஊற்றினாள். நான் இனியா முன் அறையில் தூங்குகிறாளா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மறுபடியும் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று குடித்தேன்.

முதலில் புளிப்பு. நாக்கின் ஓரங்கள் சுருங்கின. இதற்கா இவ்வளவு என்றுதான் நினைத்தேன். விழுங்கிய பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, ஈரமான கல்லை முகர்ந்தது போல ஒரு குளிர்ச்சி மட்டும். அப்புறம், எங்கிருந்து என்று தெரியாமல், தொண்டையின் அடியிலிருந்து ஓர் இனிப்பு மேலே வந்தது. சர்க்கரை இல்லாத இனிப்பு. அது வந்துகொண்டே இருந்தது. வெளியே மலைமேல் சாயங்காலக் காற்று தொடங்கியிருந்தது. கடலிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு வரும் காற்று. காற்றாலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை.

"என்னக்கா?" என்றாள் நித்யா.

"நெல்லிக்காய் தின்னுட்டு, உடனே பச்சைத் தண்ணி குடிச்சா வருமே. அது."

நித்யா கண்ணை மூடிக்கொண்டாள். வாயை ஒரு தடவை சப்புக்கொட்டினாள். "ம். தெரிஞ்சிடுச்சு" என்றாள்.

ரூத்துக்குப் புரியவில்லை. கார்த்தி ஃப்ரீசரிலிருந்து உறைந்த நெல்லிக்காய் பாக்கெட்டை எடுத்து, ஒன்றைத் தண்ணீரில் போட்டு இளக்கிக் கொடுத்தார். அவள் கடித்து, முகத்தைக் கோணி, எங்களை ஏமாற்றுக்காரர்களைப் போலப் பார்த்தாள். "இப்போது தண்ணீர்" என்றேன். குடித்தாள். டம்ளரைக் கீழே வைக்காமலே இருந்தாள்.

"இத்தனை நாளாக இதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்" என்றாள் பிறகு. போகும்போது என் தோளைத் தொட்டு, "அடுத்த வருடம் எப்போது வருகிறீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வேறு தேதியில் பறித்துவிடுகிறேன்" என்றாள். சொன்னவுடன், அடுத்த வருடம் செடி இருக்குமா என்பது நினைவு வந்தவள்போல நித்யாவைப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

திங்கட்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்து, நானும் நித்யாவும் முன் அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலை கான்ட்ராக்டர் வருவான். ஜன்னலில் அரளி, அதற்கு மேல் மலை. இனியா தரையில் உடைந்த வளையல் துண்டுகளைக் கார்த்தி கொடுத்த டப்பாவுக்குள் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"நிஜமாவே அவ்வளவு நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள் நித்யா. நான் தலையாட்டினேன். அவள் விடவில்லை. "இல்ல, அம்மாவை அனுப்ப மனசில்லாம சொல்றியா?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் நாள் ரசக் கரண்டி நின்றபோதே தெரிந்திருக்கும். சின்ன வயதிலிருந்து அவளிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை; மறைப்பதாக நான்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

"ரெண்டும்தான்" என்றேன். "ஆனா ருசி நிஜம்."

அவள் கையிலிருந்த பச்சை வளையல்களை மேலும் கீழும் தள்ளினாள். பிறகு, "நானும் ரூம்னு சொன்னது முழங்காலுக்காக மட்டும் இல்லக்கா" என்றாள். "கட்டிட்டா அம்மா திரும்பிப் போறேன்னு சொல்ல மாட்டான்னு நெனச்சேன். ரெண்டு நாள் முன்னாடி உன்னைப் பாத்தப்பதான் பாவமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"தூக்கத்துல கூட இனியா டிரஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டே தூங்குறே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும்தான், ஆனால் இனியா நிமிர்ந்து பார்த்ததால் சிரிப்போடு நிறுத்திக்கொண்டோம்.

அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. வந்த நாளிலிருந்து அதற்குள்ளேயேதான் இருந்தேன். கீழ்த்தளம், மாடிப்படி வேண்டாம். ஜன்னல் இருக்கிறது, மலை இருக்கிறது, விடியலில் வெளிச்சம் வருகிறது. இரண்டடி தள்ளி ஒரு கழிவறை, அதை ஒட்டிக் கோட்டுகள் தொங்கவிடும் ஓர் அலமாரி, அதற்குள் யாருமே போடாத கோட்டுகள்.

"நித்தி, இந்த ரூமுக்கு என்ன குறை?"

"இது ரூமே இல்லையே. கதவு எங்க இருக்கு?"

"அதான்" என்றேன். "ஒரு கதவு. அந்தக் கோட்டு அலமாரியை இடிச்சா ஷவர். இது போதாதா அம்மாவுக்கு? பத்து நாளா நான் இங்கதானே இருக்கேன். நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு உடனே பயம் வந்தது. அம்மாவுக்குக் குறைவாகச் செய்யச் சொல்கிறேனா? வந்து போகிறவளுக்குப் போதும் என்று நான் முடிவு செய்யலாமா? நித்யா எழுந்து போய் அலமாரியைத் திறந்து, தன் வயிற்றோடு உள்ளே நின்று பார்த்தாள். "அம்மா ஒல்லிதான், தாராளமா குளிக்கலாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கார்த்தி டேப் எடுத்துவந்து அளந்தார். செவ்வாய்க்கிழமை வந்த கான்ட்ராக்டரிடம் புது வேலையை விளக்குவதற்குள் கார்த்திக்கு வியர்த்துவிட்டது. இனியாவும் நானும் அரளிச் சந்துக்குள் குனிந்து போய், ஆரஞ்சுக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். இந்தத் தடவை நான் அவள் கையைப் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் நானேதான் சொன்னேன். தாம்பரம் வந்து இறங்கிய அன்றே, காபி குடிக்கும்முன். அறை இல்லை, கதவு மட்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். திராட்சை என்றேன். ஒயினை நான் குடித்ததையும் சொன்னேன். அம்மா என்னை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இனியா தூங்கிட்டிருந்தாளா அப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

நவம்பரில் அவள் போனாள். குழந்தை பிறந்தது, பையன். இனியா ஸ்கூல் முடிந்து டேகேரில் இருக்கிறாள். முதல் வாரம் அழுதாள், இரண்டாம் வாரம் நான் அழுதேன். இப்போது பழகிவிட்டது.

ஜனவரியில் ஒரு விடிகாலை, அங்கே சாயங்காலம், அம்மா வீடியோவில் வந்தாள். முன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் புதுக் கதவு, இன்னும் பெயின்ட் அடிக்காமல். போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ரூத் திராட்சைக் கிளைகளை வெட்டிவிட்டுப் போயிருந்தாள். முன்பு அரளிக்கு மேலாகத் தெரிந்த பச்சை எதுவுமில்லை. இலை இல்லை, கொடி இல்லை. அரளியையும் குட்டையாக வெட்டியிருந்ததால் அந்தப் பக்கம் முழுவதும் தெரிந்தது: கல்லுக்கு நடுவே எட்டு வரிசை கறுத்த கட்டைகள். மலை மட்டும் மழையில் பச்சையாகியிருந்தது.

"இந்தக் கட்டைங்களுக்காகவாடி எனக்கு ரூம் இல்லேன்னே?"

"துளிர்க்கும்மா. மே மாசம் பூக்குமாம்."

"மே மாசம் நான் எங்க இருப்பேன்? உன் வீட்டுல இனியாவுக்குத் தலை பின்னிட்டிருப்பேன்." அம்மா போனைத் திரும்பத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். மாடியில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "குளிருது, இரு, கதவைச் சாத்திட்டு வர்றேன்" என்று எழுந்து போனாள்.

அங்கே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இங்கே அவள் அறையின் கதவை நான் திறந்தே வைத்திருக்கிறேன்.